இருமியது குதிரை, அடி வாங்கியது கழுதை

ஊரில் ஒரு குதிரைக்குச் சளி பிடித்தால் முதல் பழி கழுதைக்குத்தான். எங்கள் ஊரில் மட்டும் இப்படியா, இந்தக் கடற்கரை முழுக்கவே இப்படியா தெரியவில்லை. போன பங்குனியில் சித்தப்பாவின் லாயத்தில் குதிரைகள் இருமத் தொடங்கியதுமே டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் குப்பை மேய்கிற கழுதைகள்தான் காரணமாம். இளவட்டங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போய், கல்லும் கம்புமாக அவற்றைக் கிழக்கே உப்பளம் தாண்டி விரட்டிவிட்டு வந்தார்கள். அதில் ஒன்று சினை. அவை இருமியதை யாரும் பார்க்கவில்லை, மூக்கு ஒழுகியதையும் பார்க்கவில்லை. ஆனாலும் விரட்டிய பிறகு ஊருக்கே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிபடவில்லை. எதையோ செய்துவிட்டோம் என்ற திருப்தியைத் தவிர அதில் வேறென்ன இருந்தது?

சித்தப்பாவிடம் மூன்று குதிரைகள். வண்டியில் பூட்டி ஓட்டும் எல்கைப் பந்தயத்துக்காகவே வளர்க்கிறார். வீட்டில் சித்தி பேச்சைக் கேட்காதவர், குதிரை காதை ஆட்டினால் எழுந்து போய்ப் பார்ப்பார். லாயத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு பெரியவர் இரண்டு கழுதைகள் வைத்திருக்கிறார். ஒன்று தாய், மற்றது அதன் மகள். டிராக்டர் நுழையாத சந்துகளில் வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் சுமந்து கொடுப்பதுதான் அவருக்கு வருமானம். ஊர் விரட்டியது தெருவில் திரிகிற கழுதைகளை. அடுத்த கட்டமாகப் பெரியவரின் கழுதைகளையும் ஊரைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஏனென்றால் அவற்றில் தாய்க் கழுதை அப்போது லேசாக இரும ஆரம்பித்திருந்தது. "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல" என்று டீக்கடையில் குரல் உயர்ந்தது.

கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டரம்மா வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை, குதிரையைத் தொடவும் இல்லை. சித்தப்பாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எது முதல்ல இருமுச்சு? அதுக்கு முன்னாடி எங்க கூட்டிட்டுப் போயிருந்தீங்க?" என்பது. சித்தப்பா சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை சாயல்குடிக்கு அந்தப் பக்கம் பந்தயம். செவ்வாய்க்கிழமை பெரிய குதிரை இருமியது. வியாழன் வெள்ளிக்குள் மற்ற இரண்டும். கழுதை அதற்கும் பிறகுதான். டாக்டரம்மா அதைத் தன் கையேட்டில் வரிசையாக எழுதி அவரிடமே காட்டினார். சித்தப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதற்கும் மறுபேச்சுப் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

டாக்டரம்மா குதிரைகளின் கழுத்தடியில் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை, சீழ் இல்லை. கட்டியும் சீழும் இருந்தால் அது பாக்டீரியா வேலையாக இருக்கும் என்றார். தோலில் புண் வைத்து, மூக்கில் கெட்டியான சளியோடு வருகிற கிளாண்டர்ஸ் என்றால் அரசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், அது மனிதருக்கும் தொற்றும். இது அது இல்லை. கடும் காய்ச்சல், வறட்டு இருமல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, இத்தனை வேகம். குதிரைக் காய்ச்சலாகத்தான், அதாவது இன்ஃபுளுயன்சாவாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டு மூக்கிலிருந்து பஞ்சில் மாதிரி எடுத்து அனுப்பினார். அந்த மாதிரி போன இடத்திலிருந்து இன்றுவரை யாரும் முடிவு சொல்லவில்லை. ஆகவே ஆய்வகம் உறுதி செய்தது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அன்று அவர் பேசியதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்து, கழுதையை விரட்டிய அந்த மத்தியானத்தை வேறு மாதிரி பார்க்க வைத்துவிட்டன.

மூக்கிலிருந்து கைக்கு, கையிலிருந்து மூக்குக்கு

குதிரைக் காய்ச்சல் ஒரு குதிரைக்குள் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். இருமும்போது தெறிக்கும் சளித் துளிகளோடு வெளியே வரும் வைரஸ் பக்கத்தில் நிற்கிற குதிரையின் மூக்குக்குள் போகிறது. ஒருவாரம் பத்துநாள் வரை அந்தக் குதிரை அதைப் பரப்பிக்கொண்டே இருக்கலாம். இப்போது உலகத்தில் சுற்றுவது எச்3என்8 என்ற வகை. 1963இல் அமெரிக்காவின் மயாமியில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் 1956இல் பிராகில் கண்டுபிடித்த எச்7என்7 என்ற வகையைப் பல காலமாக யாரும் பார்க்கவில்லை. மனிதருக்கு இது நோயாக வருவதில்லை. ஆனால் மனிதர் கையிலும் சட்டையிலும் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்.

இதற்கு ஆஸ்திரேலியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. கடலே வேலியாக இருக்கிற நாடு. வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளைத் தனிமை நிலையத்தில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை அங்கே குதிரைக் காய்ச்சல் வந்ததே இல்லை. 2007 ஆகஸ்டில் சிட்னி பக்கத்தில் வெளியே வந்துவிட்டது. சில மாதங்களில் 70,000க்கும் மேற்பட்ட குதிரைகளுக்குப் பரவி, பந்தயங்கள் நின்று, குதிரைப் போக்குவரத்தையே முடக்கி, தடுப்பூசியும் போட்டு அடக்கினார்கள். எப்படி வெளியே வந்தது என்று விசாரணைக் கமிஷன் வைத்துப் பார்த்தார்கள். நிலையத்துக்குள் போய் வந்த ஆட்களின் உடையிலோ, கையிலோ, கொண்டு போன சாமானிலோதான் வெளியேறியிருக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது அந்த விசாரணை. பூட்டும் வேலியும் மட்டும் போதவில்லை. குதிரையைத் தொட்டுவிட்டு ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் போன மனிதர்தான் வழியாக இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2008இல் ஜம்மு பக்கம் கட்ராவில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் போனது. கட்ரா என்பது வைஷ்ணவ தேவி கோயிலுக்குப் பக்தர்களை மலையேற்றும் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நிற்கிற இடம். ராமேஸ்வரத்தில் ஒரு காலத்தில் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஜட்கா வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது சிரமமாக இருக்காது. யாத்திரைக் கூட்டம், நாலு மூலையிலிருந்தும் வந்து நிற்கும் விலங்குகள், தண்ணீருக்கு ஒரே இடம். வைரஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் 1872. கனடாவின் டொரண்டோ பக்கம் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் அமெரிக்கா முழுக்கப் போய், வண்டிகள் நின்று, சரக்குகள் தேங்கின. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரம் தீப்பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டியை இழுக்கக் குதிரை இல்லாமல் மனிதர்களே இழுத்தார்கள்.

எங்கள் கரைக்குத் திரும்பி வருகிறேன். பந்தயத் திடலை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்தே குதிரைகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து, சிவகங்கைப் பக்கமிருந்து, மதுரையிலிருந்து. வேப்ப மரம் ஒன்று இரண்டு இருந்தால் அத்தனை குதிரைக்கும் அதுதான் நிழல். தண்ணீருக்குக் கமிட்டி டிராக்டரில் கொண்டுவந்து ஊற்றிய ஒரு சிமென்ட் தொட்டி. இந்தக் கரையில் நல்ல தண்ணீரின் விலை தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தொட்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு குதிரை முகத்தை நனைத்து, மூக்கைச் சீறிவிட்டு நகர்ந்தால் அடுத்த குதிரை வந்து வாய் வைக்கும். சாரதி ஒருவர் தன் கடிவாளம் அறுந்துவிட்டால் இன்னொருவரிடம் கேட்டு வாங்கி மாட்டுவார். அந்தக் கடிவாளக் கம்பி இன்னும் எச்சில் காயாமல் இருக்கும். துடைக்க ஒரே துண்டு. பந்தயம் முடிந்ததும் ஜெயித்த குதிரையின் முகத்தை எல்லோரும் பிடித்துக் கொஞ்சுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், அந்தக் கையோடு தங்கள் குதிரையிடம் போவார்கள். ஈரமான இடத்தில் இந்த வைரஸ் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். சோப்புப் போட்டால் உடனே செத்துப்போகும். இத்தனை எளிதாகச் சாகிற ஒன்றுக்கு நாம் எத்தனை வசதி செய்து கொடுக்கிறோம்!

சித்தப்பாவின் குதிரைகள் நோயை எங்கே வாங்கி வந்தன என்பது இதோடு தெளிவாகிவிட்டது. எதிர்ச் சந்துக் கழுதைக்கு எப்படிப் போனது? பெரியவருக்குத் தனியாகத் தண்ணீர்க் குழாய் கிடையாது. சித்தப்பா லாயத்து வாளியைத்தான் தினமும் எடுத்துக்கொண்டு போய்க் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டுவார். அது இருபது வருடப் பழக்கம். டாக்டரம்மா வாளியைக் கையில் எடுத்து, "இது யாரோடது?" என்றபோது இரண்டு பேருமே "என்னோடது" என்றார்கள்.

தொட்டியில் வாய் வைத்தபடி

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். குதிரைகளைப் பார்த்து முடித்துவிட்டு டாக்டரம்மா சந்துக்குள் வந்தார். தாய்க் கழுதை இருமிக்கொண்டிருந்தது, அதனால் எல்லோரும் அதையே பார்த்தோம். மகள் கழுதை பக்கத்திலேயே நின்று தீவனத் தொட்டியில் வாயை வைத்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. "அதுக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத் திங்குது" என்றார் பெரியவர். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். வைக்கோல் வைத்தபடி இருந்தது. கழுதையின் வாயோரத்தில் இரண்டு தாள் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தால் முழுசாக வந்தது, கடித்த தடமே இல்லை. தாடை அசையவில்லை, உதடு மட்டும்தான் அசைந்திருக்கிறது. தின்பதுபோல நின்றுகொண்டிருந்தது அது. "எப்ப இருந்து இப்படி நிக்குது தாத்தா?" பெரியவருக்குத் தெரியவில்லை. தெர்மாமீட்டர் வைத்தார். 104. கழுதைக்கு வழக்கமான சூடு குதிரையைவிடக் கொஞ்சம் குறைவு, 100ஐத் தாண்டாது என்றார்.

கழுதை தன் நோவை வெளியே காட்டாது. கூட்டத்தில் நோஞ்சானைத்தான் வேட்டை விலங்கு குறிவைக்கும் என்பதால், காட்டில் இருந்த காலத்திலிருந்து வந்த குணம். குதிரைக்கு உடம்பு சரியில்லையென்றால் காலை உதைக்கும், புரளும், வேர்க்கும், ஊரைக் கூட்டும். கழுதை கொஞ்சம் மந்தமாக நிற்கும், அவ்வளவுதான். கழுதை மந்தமாக நிற்பதை நோய் என்று நினைக்க நமக்கு ஒருநாளும் பழக்கம் இல்லை. கழுதைக்கு நோயே வராது என்று கிராமத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அது இப்படித்தான் உண்டாகியிருக்க வேண்டும். 2019இல் மேற்கு ஆப்பிரிக்காவில் குதிரைக் காய்ச்சல் பரவியபோது நைஜர் நாட்டில் ஆயிரக்கணக்கான கழுதைகள் செத்தன. குதிரைக்கு அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் இருமலோடு போய்விடும். கழுதைக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கும்.

அது மட்டுமில்லை. தின்னாமல் நிற்பதே கழுதைக்கு ஒரு தனி ஆபத்து. இரண்டு மூன்று நாள் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லையென்றால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். ஈரல் தாங்காது. காய்ச்சலில் பிழைத்த கழுதை இதில் செத்துப்போகலாம். டாக்டரம்மா மகள் கழுதையின் கழுத்தில் ரத்தம் எடுத்துக் குப்பியைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கீழே இறங்கியது. மேலே தெளிவாக, லேசான மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், வடித்த கஞ்சி மாதிரிக் கலங்கி வெள்ளையாக நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பெரியவருக்குக் காட்டினார். "இது கொழுப்பு தாத்தா. சாப்பிடலைன்னா இப்படி ஆகும். எது குடுத்தாலும் சரி, அது திங்கிறதா இருக்கணும்." குளுக்கோஸ் ஏற்றினார். கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கலாமா என்று பெரியவர் கேட்டதற்குத் தாராளமாக என்றார். வாழைப்பழத் தோல், பச்சைப் புல், எது வாய்க்குப் பிடிக்கிறதோ அது.

இதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். இருமுகிற தாய்க் கழுதையை மட்டும் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் கட்டிப்போடுவது என்று முடிவாகியிருக்கிறது என்றார். 2020க்குப் பிறகு எல்லோருக்கும் தனிமைப்படுத்தல் தெரியும். டாக்டரம்மா கூடாது என்றுவிட்டார். தனிமைப்படுத்த வேண்டியதுதான், ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான். கழுதைகள் ஜோடி சேர்ந்து வாழ்கிறவை. ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோனால் இரண்டுமே தீனியை விட்டுவிடும். தீனியை விட்டால் குப்பியில் பார்த்தோமே, அதுதான் நடக்கும். "ரெண்டும் ஒரே வாளியில குடிச்சிருக்கு, ஒரே தொட்டியில திங்குது. இப்பப் பிரிச்சு யாரைக் காப்பாத்தப் போறீங்க?" கமிட்டிக்காரரிடம் பதில் இல்லை. இரண்டு கழுதைகளும் சந்துக்குப் பின்னால் பழைய ஓலைக் கொட்டகைக்குப் போயின. தனி வாளி, தனிக் கயிறு. பெரியவர் லாயத்துப் பக்கம் வரக்கூடாது. சித்தப்பா கொட்டகைப் பக்கம் போகக்கூடாது. இரண்டும் பிழைத்தன, மகள் தேற ரொம்ப நாளானது.

அந்த வெள்ளையாகிப் போன குப்பியைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது. ஊர் கழுதையைப் பார்த்துப் பயந்தது தப்பில்லை. ஆனால் பயப்படுகிற அளவுக்குக்கூட அதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எந்தக் கழுதைக்குக் காய்ச்சல், எதற்கு இல்லை என்று தெரியாமலே அடித்து விரட்டினார்கள். விரட்டிய கழுதைகளில் ஒன்றிரண்டுக்கு உள்ளுக்குள் காய்ச்சல் இருந்திருந்தால், அது இப்போது உப்பளத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் போயிருக்கும். நோயைத் துரத்துவதாக நினைத்து நோய்க்கு வண்டி கட்டி அனுப்புகிற வேலை இது.

பறந்து வருகிறவை

எல்லாவற்றையும் கை, வாளி என்று முடித்துவிட முடியாது. பூச்சி கொண்டுவரும் நோய்கள் தனி. அவற்றில் மிகக் கொடியது ஆப்பிரிக்கக் குதிரை நோய். குதிரைக்குக் குதிரை நேரடியாகத் தொற்றாது. குலிகாய்டஸ் என்ற கடிபூச்சி கடித்தால்தான் வரும். கொசுவைவிட மிகச் சிறியது, சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். ஈரச் சேற்றிலும் சாணத்திலும் வளரும், அந்தி மசங்குகிற நேரத்தில் கடிக்கும். குதிரைக்கு வந்தால் பத்தில் ஏழெட்டுக்கு மேல் போய்விடும், கோவேறு கழுதையில் பாதி. கழுதைக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் ரத்தத்தில் வாரக்கணக்கில் வைரஸ் இருக்கும். வரிக்குதிரைக்கு அதுவும் தெரியாது, இன்னும் நீண்ட நாள் இருக்கும்.

இந்தியாவுக்கு 1960இல் வந்தது. மேற்காசியாவில் தொடங்கி இங்கே வரை அந்த அலையில் செத்த குதிரையினங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்பார்கள். பிறகு போய்விட்டது, இப்போது இங்கே இல்லை. ஆனால் 2020இல் யாரும் எதிர்பார்க்காமல் தாய்லாந்தில் முளைத்து 500க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வரிக்குதிரைகளோடு வந்திருக்கலாம் என்று சந்தேகம். 1987இல் ஸ்பெயினிலும் இதே கதைதான், நமீபியாவிலிருந்து வந்த வரிக்குதிரைகள். அங்கேயும் பூச்சியைக் குற்றம் சொல்லுமுன் கப்பலிலும் விமானத்திலும் விலங்கை ஏற்றிய மனிதரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடற்கரைக்காரனாக எனக்கு இதில் தூக்கம் கெடுக்கிற பகுதி ஒன்று உண்டு. இந்தக் கடிபூச்சியைக் காற்று கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போகும். 1966இல் மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கும், அதற்கு முன்னால் துருக்கியிலிருந்து சைப்ரஸுக்கும் நோய் அப்படிப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கரையில் மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகள், வடக்கே நெடுந்தீவில் காலங்காலமாகத் தாமே வாழும் மட்டக்குதிரைகள். இந்தக் கரையில் நம்முடையவை. கச்சானும் வாடையும் பாஸ்போர்ட் பார்த்து வீசுவதில்லை. இப்போது இல்லாத ஒரு நோய்க்காக இப்போதே பதற வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருநாள் வந்தால் கண்டுபிடிக்க இங்கே யார் கழுதையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாடு முழுக்க 2012 கணக்கெடுப்பில் 3.2 லட்சம் இருந்த கழுதைகள் 2019இல் 1.2 லட்சமாகிவிட்டன. மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வீடு தேடி வருகிறார்கள், வரவேண்டியதுதான். கழுதை எந்தப் பதிவேட்டிலும் கண்ணில் படாத விலங்காகிக்கொண்டிருக்கிறது.

குதிரை ஈ கொண்டுவருவது இன்னொன்று, குதிரைகளின் தொற்று ரத்தசோகை. எச்.ஐ.வி.யின் சொந்தக்காரன் இந்த வைரஸ். ஒருமுறை வந்தால் சாகும்வரை உடம்பைவிட்டுப் போகாது. குதிரை ஈ கடித்தால் வலிக்கும். வலி தாங்காமல் குதிரை உதறும், பாதி ரத்தம் குடித்த ஈ அடுத்த குதிரையில் போய் உட்காரும். ஈயின் வாயில் ஒட்டியிருக்கிற ரத்தத்தில் வைரஸ் ரொம்ப நேரம் இருக்காது. தூரத்தில் கட்டியிருந்தால் ஈ அவ்வளவு தூரம் மெனக்கெடாது. அமெரிக்காவில் நோயுள்ள குதிரையை மற்றவற்றிலிருந்து 200 கஜம் தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான். சுவாரசியம் என்னவென்றால், அங்கே சமீப காலத்தில் இந்த நோய் ஈயால் பரவியதைவிட, அனுமதியில்லாத உள்ளூர்ப் பந்தயங்களில் ஓடும் குதிரைகளுக்கு ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டதால் பரவியதுதான் அதிகம். சத்து ஊசி, வலி ஊசி என்று பந்தயத்துக்கு முன்னால் ஒருவர் பை நிறைய மருந்தோடு திடலில் சுற்றுவதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருக்கிறார்களா? டாக்டரம்மா சித்தப்பாவிடம் இதைப் பற்றியும் கேட்டார். சித்தப்பா வானத்தைப் பார்த்தார்.

கொசு கொண்டுவரும் மூளைக்காய்ச்சலிலும் குதிரை பாவப்பட்ட பிராணிதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொக்கு நாரையிடமும் பன்றியிடமும் பெருகிக் கொசு வழியாகக் குதிரைக்கும் மனிதருக்கும் வருகிறது. குதிரையின் ரத்தத்தில் கொசு எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு வைரஸ் சேராது. அதோடு முடிந்தது, குதிரையால் நமக்கு வராது. வெறிநாய் கடித்த கழுதை மட்டும் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம். குரல் கம்மிக் கத்தும், தன்னையே கடித்துக்கொள்ளும், எச்சிலில் வைரஸ் இருக்கும். பிறந்த குழந்தைக்குச் சங்கில் கழுதைப் பால் புகட்டும் பழக்கம் இன்னும் இருக்கிற வீடுகளில் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பால் விற்கிறவர் தாயும் குட்டியுமாக ஊர் ஊராக நடந்து, ராத்திரி தெருநாய்களுக்கு நடுவில் படுத்து எழுந்து வருகிறார். காய்ச்சாத பால் அது. கழுதைப் பாலில் ஏதோ இருக்கிறது என்கிற அம்மாக்களோடு நான் வாதாடுவதில்லை, காய்ச்சிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். யாரும் காய்ச்சுவதில்லை.

இந்தக் கரைக்குக் குதிரை வந்த கதையே இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கியது. வருடத்துக்குப் பத்தாயிரம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியிருக்கிறார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். மார்க்கோ போலோ வேறு ஒன்று சொல்கிறார்: வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போகின்றன, இங்கே பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோறும் கறியும் போடுகிறார்கள் என்று. தீனியும் வெயிலும் காரணமாக இருந்திருக்கும். வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் மூக்கோடு மூக்கு உரசி நின்று வந்த குதிரைகளுக்கு இருமலும் கூடவே வந்திருக்காதா என்பது என் ஊகம், ஆதாரம் கிடையாது. குதிரையின் உடம்புக்குள்ளேயே வருடக்கணக்கில் தூங்குகிற ஹெர்பெஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது. பயணக் களைப்பிலும் பயத்திலும் அது விழித்துக்கொள்ளும், சினைக் குதிரைக்குக் கரு கலையும், சிலவற்றுக்குப் பின்னங்கால் விழுந்துவிடும். 2021இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு குதிரைப் போட்டியில் அது கிளம்பி ஐரோப்பாவையே ஒரு உலுக்கு உலுக்கியது. கப்பலானால் என்ன, மே மாத வெயிலில் குட்டி யானையின் தகரத்தில் நிற்க வைத்து அறுபது எழுபது கிலோமீட்டர் கொண்டுபோனால் என்ன. இந்தப் பக்கத்தில் சளி பிடிக்காத குதிரைகள் என்றால் புரவி எடுப்பில் ஐயனாருக்குக் கொடுக்கும் மண் குதிரைகள் மட்டும்தான்.

தொட்டியா, குழாயா

குதிரைக்குத் தடுப்பூசி உண்டு. ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தியாவில் பரவிய வைரஸை வைத்தே ஒன்று தயாரித்திருக்கிறது. ரேஸ் கோர்ஸ் குதிரைகளுக்கெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்கள். எல்கைப் பந்தயக் குதிரைக்கு அப்படி ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டாக்டரம்மா அதை எழுதிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதுதான் சித்தப்பாவுக்கு வலித்தது: காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு. மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று வாரம் வண்டியில் பூட்டக் கூடாது. இருமல் நின்றுவிட்டதே என்று ஓட்டினால் நுரையீரல் ஆறாமல் கெட்டுப்போகும், இதயமும் பாதிக்கும். அந்தச் சித்திரைப் பந்தயம் சித்தப்பாவுக்குப் போனது. இரண்டு வருடமாக அவர் கண் வைத்திருந்த பந்தயம். அதற்கு நான்தான் காரணம் என்பதுபோல இன்றுவரை பேசுகிறார்.

வைகாசியில் பந்தயக் கமிட்டி கூடியபோது டாக்டரம்மாவின் பேச்சை நான் கொண்டுபோனேன். மூன்று கோரிக்கை. காய்ச்சல் வந்த குதிரையை இரண்டு வாரத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு வண்டியும் தன் வாளி, தன் கடிவாளம், தன் துண்டோடு வர வேண்டும். பொதுத் தொட்டி கூடாது. முதலாவதுக்கு ஒரே சிரிப்பு. "நுழைவுக் கட்டணம் கட்டிட்டு வர்ற ஆளு, தம்பி, குதிரைக்குக் காய்ச்சல்னு அவனா சொல்லப் போறான்?" வாசலில் நின்று தெர்மாமீட்டர் வைக்கலாம் என்றேன். இருபது முப்பது குதிரைக்குப் பின்னால் நின்று தெர்மாமீட்டர் வைக்கப் போவது யார் என்ற கேள்வியில் அது படுத்துவிட்டது. நியாயமான கேள்விதான். தொட்டி விஷயத்தில் மட்டும் சண்டை நீண்டது. தண்ணீர் டிராக்டருக்குக் காசு, தொட்டியில் ஊற்றினால் ஒரு நடை போதும், வாளி வாளியாகப் பிடித்தால் பாதி சிந்திவிடும் என்று பொருளாளர் கணக்குப் போட்டார். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் இந்தக் கணக்கை யாரும் அலட்சியமாகப் பேச முடியாது. கடைசியில் ஒரு சாரதிதான் வழி சொன்னார். டிராக்டர் டேங்கிலேயே நாலு குழாய் வைத்துத் தட்டினால் மூடிக்கொள்கிற பித்தளைக் குழாயாகப் போட்டுவிட்டால், அவரவர் வாளியில் பிடித்துக்கொள்ளலாம், சிந்தாது. அதற்குச் சம்மதித்தார்கள். கழுதைகளைத் திடல் பக்கம் விடக்கூடாது என்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள். கழுதைக்கும் திடலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எழுதிவிட்டார்கள், அடிக்க மாட்டோம் என்றார்கள்.

ஆடி மாதப் பந்தயத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. பரிசுத் தொகை, கொடிப் பரிசு கொடுப்பவர்கள் பெயர், கட்டணம், எல்லை எதுவரை, எல்லாம் இருக்கிறது. கீழே கடைசியில் சின்ன எழுத்தில், "வாளி அவரவர் கொண்டுவரவும்." ஏன் என்று போடவில்லை. சித்தப்பா பெரிய குதிரைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, புது வாளி இரண்டு வாங்கி வந்திருக்கிறார். ஒன்றில் சிவப்புப் பெயிண்டில் தன் பெயரை எழுதியிருக்கிறார். இன்னொன்றில் பெரியவர் பெயரை.